செஞ்சி ராஜகிரி: மணிக்கூண்டு வரைக்கும் ஏறிப் பாருங்கள்

செஞ்சிக்கோட்டைக்கு வருபவர்களில் நிறையப் பேர் அடிவாரத்தில் கல்யாண மகாலைச் சுற்றிப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் மனசுள்ளவர்கள் பாதி வழியில் இருக்கும் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை போய்க் கும்பிட்டுவிட்டு இறங்குகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றான ராஜகிரியின் உச்சியில் இருக்கிற மணிக்கூண்டில் போய் நின்றால்தான் இந்தக் கோட்டை எப்படி வேலை செய்தது என்பது புரியும். கீழே இருப்பதெல்லாம் தனித்தனிக் கட்டடங்களாகத்தான் தெரியும்.

முதலில் போகும் வழி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் எந்தப் பேருந்தும் செஞ்சி வழியாகத்தான் போகிறது. செஞ்சியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் கோட்டை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். நுழைவுச்சீட்டு ஆளுக்கு 25 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. மதியம் 3 மணிக்கு மேல் மலையேற விடுவதில்லை. ஆனால் அந்த 3 மணியை நம்பிப் போகாதீர்கள். காலையில் திறந்ததுமே ஏறத் தொடங்கிவிடுங்கள். பாறை சூடேறிவிட்டால் அப்புறம் கைப்பிடிச் சுவரில்கூடக் கை வைக்க முடியாது.

நான் என் அண்ணனோடும் பத்து வயது மகளோடும் போனேன். அண்ணனுக்கு முழங்கால் வலி உண்டு. மலை சுமார் 800 அடி உயரம். கேட்டால் பெரிதாகத் தெரியாது, ஆனால் படிகள் ஒரே அளவில் இல்லை. ஒரு படி சாண் உயரம், அடுத்தது முழ உயரம். கருங்கல் படிகளின் நடுப்பகுதி ஆண்டாண்டு காலமாக மிதிபட்டுத் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. அதனால் ஓரமாகக் கால் வைத்து ஏறுவது நல்லது. தோல் செருப்பு வேண்டாம், பிடிமானம் உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது தண்ணீர் வேண்டும். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் குரங்கு பின்னாலேயே வரும், எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள்.

கமலக்கண்ணி அம்மன் கோயிலில் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். "நீ பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போம்மா, நான் மெதுவா வர்றேன்" என்றார். சொன்னபடியே நின்று நின்று, ஒவ்வொரு வாயிலிலும் நிழலில் உட்கார்ந்து, மேலே வந்தும் சேர்ந்தார். முழங்கால் வலிக்காரர்கள் ஏறவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அவசரப்படாமல், இறங்கும்போது ஒரு கோலும் இருந்தால் முடிகிற காரியம்தான். இதயக் கோளாறு, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மட்டும் கீழேயே இருந்துவிடுவது நல்லது. எங்களுக்கு ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது.

இந்த ஏற்றத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் உச்சிக்குச் சற்று முன்னால் வருகிறது. மலை அங்கே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. இருபத்துநாலு அடி அகலம், அறுபது அடி ஆழம் என்பார்கள். இந்தப் பக்கம் முழு மலையும் எதிரியின் கைக்குப் போயிருந்தாலும், இந்தப் பிளவைத் தாண்டாமல் உச்சியைத் தொட முடியாது. அந்தக் காலத்தில் இங்கே மரத்தால் ஆன தூக்குப்பாலம் இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்கள் தனித்தீவு. இப்போது சின்னதாகப் பாலம் போட்டிருக்கிறார்கள், பயமில்லாமல் கடக்கலாம். நடுவில் நின்று கீழே எட்டிப் பாருங்கள். பிளவுக்குள்ளிருந்து காற்று மேல்நோக்கி அடிக்கிறது. என் மகள் துப்பட்டாவைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "இங்க பத்து பேர் இருந்தா போதும்ல, யாரும் வர முடியாது" என்றாள். கோட்டை கட்டியவர்கள் நினைத்ததும் அதையேதான்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், நெற்களஞ்சியம், பழைய பீரங்கி ஒன்று, அப்புறம் மணிக்கூண்டு. களஞ்சியத்துக்குள் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். வெளியே அனலடித்தாலும் உள்ளே குளிர்ச்சி, வௌவால் வாடை, பேசினால் வளைகூரையில் குரல் முட்டித் திரும்பும். இவ்வளவு உயரத்தில் நெல்லைச் சேர்த்து வைத்தார்கள் என்றால் எத்தனை நாளுக்குத் தயாராக இருந்திருப்பார்கள்!

மணிக்கூண்டிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கிறது. எதிரே கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் சந்திரகிரி, நாம் நிற்கும் ராஜகிரி. மூன்றையும் முக்கோணமாக இணைத்துக்கொண்டு மதில் ஓடுகிறது. மொத்தச் சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். மதில் சமதரையில் நேராகப் போய், பாறைமேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, அடுத்த மலையைப் பிடிக்கிறது. கீழே அவ்வளவு பெரிதாகத் தெரிந்த கல்யாண மகாலின் அடுக்குக் கோபுரம் இங்கிருந்து தீப்பெட்டி உயரம்தான். அதைச் சுற்றிக் குளங்கள், வெங்கடரமணர் கோயில் கோபுரம், வயல், நடுவில் திருவண்ணாமலைச் சாலை.

வரலாற்றில் படித்தது அங்கேதான் எனக்கு உறைத்தது. 1677இல் மராத்திய மன்னர் சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்து மதில்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்கியபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் 1690இல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். முகலாயப் படைக்கு ஏன் இத்தனை ஆண்டு ஆனது என்று மணிக்கூண்டில் நின்று பார்த்தால் தெரியும். மூன்று மலையையும் இந்த மதில் முழுவதையும் இடைவெளி இல்லாமல் வளைக்க எவ்வளவு ஆள் வேண்டும்! அவ்வளவு பேர் அவர்களிடம் இல்லை. ஒரு பக்கம் வளைத்தால் இன்னொரு பக்கம் உள்ளே தானியம் போய்க்கொண்டே இருந்தது.

ஆற்காடு நவாபை எதிர்த்து 1714இல் இளம் வயதிலேயே போரில் இறந்த தேசிங்கு ராஜாவின் கதையைக் கூத்தில் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. அண்ணன் மேலே வந்ததும் அந்தக் கதையைத்தான் மகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். மலைமேல் வைத்துக் கேட்டதால் அவளும் நடுவில் எழுந்து ஓடவில்லை.

ஒன்றே ஒன்றுதான் மனதை வருத்தியது. மணிக்கூண்டின் சுவரிலும் தூணிலும் காதலர் பெயர்கள், இதயப் படங்கள், தேதிகள். ஆணியால் கீறியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் திரும்ப வராது. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கீழேயே இதைச் சொல்லிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

கல்யாண மகால், குதிரை லாயம், யானைக்குளம் எல்லாவற்றையும் இறங்கி வந்த பிறகு பார்ப்பது மேல். மேலிருந்து பார்த்த அமைப்பு மனதில் இருக்கும், எது எங்கே ஏன் இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே சீட்டில் சாலைக்கு மறுபக்கம் இருக்கும் கிருஷ்ணகிரியையும் ஏறலாம், அது உயரம் குறைவு. ஆனால் பிள்ளைகளோடு ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். ஒன்றுதான் முடியும் என்றால் ராஜகிரியே. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், சித்திரை வைகாசியில் தவிர்த்துவிடுங்கள்.