தெர்மல் ஸ்கேன் ரிப்போர்ட்டில் "எல்லாம் நார்மல்" என்று வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

மின் பேனல்களை வெப்பக் கேமராவில் படம் எடுத்து எங்கே சூடு என்று பார்ப்பதுதான் தெர்மல் ஸ்கேன். பக்கத்துக்கு இரண்டு கலர் படம், கீழே பெரும்பாலும் "நார்மல்" என்று ஒரு வரி. இப்படியொரு தடிமனான ரிப்போர்ட் கைக்கு வந்த சில வாரங்களிலேயே, அதில் நார்மல் என்று போட்டிருந்த 400 ஆம்பியர் இன்கமரில் (பேனலுக்குள் சப்ளை வரும் மெயின் சுவிட்ச்) ஆர் ஃபேஸ் லக் (கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனை) கருகிப்போனது. ஸ்கேன் செய்த நிறுவனத்தைக் கேட்டால், "அன்றைக்குச் சூடு இல்லை சார், படத்தைப் பாருங்கள்" என்கிறார்கள். பார்த்தால்தான் வண்டவாளமே தெரிகிறது.

முதலில் லோடு. ஸ்கேன் நடந்தது விடுமுறை நாளில். இன்கமரில் ஓடியது 90 ஆம்பியர், வழக்கமான லோடு 320. இணைப்பில் உண்டாகும் வெப்பம் கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும். 90-லிருந்து 320-க்குப் போனால் 12 மடங்குக்கு மேல். அன்றைக்கே அந்த லக் பக்கத்து ஃபேஸைவிட 4 டிகிரி கூடுதல், அது அவர்கள் படத்திலேயே இருக்கிறது. நேரடிக் கணக்கில் முழு லோடில் 50 டிகிரி வித்தியாசம். சூடு ஏற ஏற வெப்பம் வெளியேறுவதும் கூடுவதால் நடைமுறையில் 30, 40 வரும். நேட்டா என்ற மின் சோதனைச் சங்கத்தின் அட்டவணைப்படி, ஒரே லோடில் இருக்கும் ஒரே மாதிரிப் பாகங்களுக்கு இடையே 4 முதல் 15 டிகிரி என்றாலே கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம், 15-ஐத் தாண்டினால் உடனே சரிசெய்ய வேண்டும். குறைந்தது 40 சதவீத லோடாவது இல்லாமல் எடுத்த ஸ்கேனுக்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

அடுத்தது எமிசிவிட்டி, அதாவது ஒரு பரப்பு தன் வெப்பத்தை எவ்வளவு கதிராக வெளிவிடுகிறது என்ற அளவு. எல்லாப் படத்திலும் கேமராவில் வைத்தது 0.95. கறுப்பு டேப், பெயின்ட், கேபிள் இன்சுலேஷன் இவற்றுக்கு அது சரி. பளபளக்கும் செம்பு பஸ்பாருக்கு (பேனலுக்குள் கரன்ட் ஓடும் உலோகப் பட்டை) 0.1 கூடத் தேறாது. 30 டிகிரி அறையில் 90 டிகிரியில் கொதிக்கும் பஸ்பாரை அந்த செட்டிங்கில் பார்த்தால் கேமரா 40-க்குள்தான் காட்டும். மீதியெல்லாம் சுற்றுப்புறத்தின் பிரதிபலிப்பு. விவரம் தெரிந்தவர் வெறும் உலோகத்தில் குறி வைக்க மாட்டார். லக்கை ஒட்டிய இன்சுலேஷனில் அளப்பார், அல்லது ஷட்டவுனில் கறுப்பு டேப் ஒட்டி வைக்கச் சொல்வார். ஹாட் ஸ்பாட் நிஜமா என்று சந்தேகம் வந்தால் கேமராவைச் சற்று நகர்த்தினால் போதும், பிரதிபலிப்பு கூடவே நகரும்.

சில பேனல்களைத் திறக்கவே இல்லை. கண்ணாடியும் அக்ரிலிக்கும் இந்தக் கேமராவுக்குச் சுவர்தான். ஒரு படத்தில் கண்ணாடிக் கதவின் நடுவே மங்கலாக ஒரு தலை, இரண்டு தோள், உயர்த்திய கை தெரிகிறது. படம் எடுத்தவரின் உடல் சூடு! அதற்கும் "நார்மல்". இரண்டு ஃபீடர்களுக்கு (பேனலிலிருந்து வெளியே போகும் லைன்கள்) ஒரே படம் போட்டிருந்ததை என்னவென்று சொல்வது?

இதைவிட எரிச்சலூட்டியது, இல்லாத கோளாறைக் காட்டி வியாபாரம் பார்த்தது. மோட்டார் அதிகக் கரன்ட் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயையும், மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் கான்டாக்டரின் காயிலையும் "கிரிட்டிக்கல்" என்று குறித்து, மாற்றுவதற்குக் கொட்டேஷனும் இணைத்திருந்தார்கள். பைமெட்டல் ரிலேக்குள் ஹீட்டர் இருக்கிறது, சூடாவதுதான் அதன் வேலை. காயிலும் சப்ளை இருக்கும்வரை சூடாகத்தான் இருக்கும். மூன்று ஃபேஸும் ஒரே அளவு சூடா, அதே லோடில் பக்கத்து ஸ்டார்ட்டரும் அப்படித்தானா என்று ஒப்பிட்டாலே விஷயம் முடிந்தது. படத்தில் சிவப்பாகத் தெரிந்ததற்குக் காரணம் நிற ஸ்கேல்: 31-லிருந்து 35 டிகிரி வரை மட்டும் வைத்தால் எதுவும் எரிவது போலத்தான் தெரியும்.

வேலை ஆர்டரில் இதையெல்லாம் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு படத்தோடும் கிளாம்ப் மீட்டரில் எடுத்த மூன்று ஃபேஸ் கரன்ட், நியூட்ரல் கரன்ட், அதே கோணத்தில் சாதாரண போட்டோ, வைத்த எமிசிவிட்டி. பிடிஎஃப் மட்டும் வாங்காதீர்கள். வெப்பத் தரவு உள்ள மூல ஃபைல்கள் வேண்டும். எமிசிவிட்டியையும் ஸ்கேலையும் அதில் பிறகு திருத்தலாம், ஃபோகஸைத் திருத்த முடியாது. உயரத்தில் இருக்கும் இணைப்பு கிளாம்புகளுக்கு கேமராவின் ரெசல்யூஷனும் கேளுங்கள். 160க்கு 120 பிக்சல், 25 டிகிரி லென்ஸ் என்றால் 10 மீட்டரில் ஒரு பிக்சல் 27 மில்லிமீட்டர். நம்பகமாக அளக்க மூன்றுக்கு மூன்று பிக்சல், அதாவது 8 சென்டிமீட்டர் பொருள் வேண்டும்.

படம் கைக்கு வந்ததும் சூடு எப்படிப் பரவியிருக்கிறது என்று பாருங்கள். லக்கில் உச்சமாக இருந்து கேபிளில் போகப்போகக் குறைந்தால் இணைப்பில் கோளாறு. கேபிள் முழுக்க ஒரே சூடு என்றால் ஓவர்லோடு அல்லது ஃபேஸ் சமநிலை இல்லாமை. நியூட்ரல் சூடானால் ஹார்மோனிக்ஸ் (கரன்ட்டின் அலை வடிவம் சிதைவது) பாருங்கள். சுற்றியுள்ளதைவிடக் குளிர்ந்திருக்கும் ஃப்யூஸ் போயிருக்கலாம்.

கருகிய லக்கை அப்படியே முறுக்கி இறுக்குவது தீர்வல்ல. சப்ளையை ஐசொலேட் செய்து, கழற்றி, கருகிய பகுதியை வெட்டி, புது லக் கிரிம்ப் செய்து (அழுத்திப் பொருத்தி), தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சில் இறுக்க வேண்டும். பிறகு அதே லோடில் மறுபடி ஸ்கேன். இந்த மறு ஸ்கேனுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.