பெட்ஷீட்டை அடித்துணியாகப் போட்ட குயில்ட்: ஐந்து வருடப் பழக்கத்தில்

போன வாரம் எங்கள் வீட்டுக் குயில்ட்டில் (மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என்று மூன்றடுக்கு வைத்துத் தைக்கிற போர்வை) நான்கு வரிசைத் தையல் விட்டுப்போயிருந்தது. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம்தான். சாயங்காலம் காபி குடித்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தவள், ராத்திரி தோசை சுடத்தான் எழுந்தேன். இடது ஆட்காட்டி விரல் நுனியில் ஏழு இடத்தில் ஊசி குத்தியிருந்தது. புளிக்கரைசலில் கை வைத்தபோது எரிந்த எரிச்சல் இன்னும் நினைவில் இருக்கிறது.

மறுநாள் காலையில் அம்பாசமுத்திரத்தில் இருந்து சித்தி மகள் போன் போட்டாள். "யக்கா, ஆடித் தள்ளுபடில பெட்ஷீட் எல்லாம் பாதி வெலைக்குப் போட்டிருக்கான். ரெண்டு எடுத்து குயில்ட்டுக்கு அடித்துணியாப் போட்டுரவா? நீங்க போட்டிருக்கியளே, நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ வாங்காத" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. போனில் சொல்லி முடிகிற கதையும் இல்லை. அவளுக்கும், இதே யோசனையில் இருக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

2020 ஊரடங்கில் தைத்தது இது. எதிர்வீட்டு டெய்லர் அக்கா ஜாக்கெட் வெட்டி மிச்சமான டூ பை டூ என்கிற பருத்தித் துணித் துண்டுகளை ஒரு சாக்கு நிறைய வைத்திருந்தார். எரிக்கப் போவதாகச் சொன்னார், வாங்கி வந்துவிட்டேன். நான்கு அங்குலச் சதுரமாக வெட்டி, கலர் பார்த்து ஒட்டி மேல்துணி தயாராகிவிட்டது. நடுவில் வைக்க மெல்லிய பஞ்சு ஷீட் ஒன்று முன்னமே வாங்கியது இருந்தது. அடித்துணிக்கு என்ன செய்ய? கடை எதுவும் திறக்கவில்லை. பீரோவைத் திறந்தால் கல்யாணத்துக்கு வந்த பெட்ஷீட் ஒன்று பாக்கெட் பிரிக்காமல் கிடந்தது. 90க்கு 108 அங்குலம், சுத்தப் பருத்தி, இளநீல நிறத்தில் சின்ன வெள்ளைப் பூ. கூடவே இரண்டு தலையணை உறை. பெட்ஷீட் அடித்துணி ஆனது, தலையணை உறைகளைப் பட்டையாக வெட்டி ஓரப்பட்டி கொடுத்தேன். ஒரு பைசா செலவில்லை.

இந்த வெயிலில் உனக்குக் குயில்ட் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. மார்கழி விடியலையும், குற்றாலச் சாரல் காற்று இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிற ஆனி, ஆடி மாதங்களில் நாலைந்து ராத்திரிகளையும் விட்டால் நாங்கள் அதைப் போர்த்துவதே இல்லை. கீழே விரித்துப் படுக்கிறோம். எங்கள் ஊர் சேரன்மகாதேவியில் இருந்து, பாய்க்குப் பேர்போன பத்தமடை ஒரு எட்டுதான். எங்கள் வீட்டில் கட்டிலைவிடப் பாய்க்குத்தான் மரியாதை. மாப்பிள்ளை பெண் பெயர் போட்டு நெய்கிற பட்டுப் பாய் இல்லை, தினம் விரிக்கிற சாதாரணக் கோரைப் பாய். அதன்மேல் குயில்ட், அதன்மேல் நாங்கள். ஒட்டுப்போட்ட மேல்பக்கத்தில் சதுரத்துக்குச் சதுரம் தையல் மேடு தட்டும். அதனால் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே திருப்பிப் போட்டுவிட்டார்கள். ஐந்து வருடமாகப் பெட்ஷீட் பக்கம்தான் மேலே இருக்கிறது. நான் கலர் பார்த்துப் பார்த்து ஒட்டிய பக்கம் பாயைப் பார்த்துக் கிடக்கிறது. ஆரம்பத்தில் மனசு கஷ்டப்பட்டது, இப்போது பழகிவிட்டது.

இதைச் சொல்வதற்குக் காரணம், எங்கள் வீட்டு உபயோகத்தில் அடித்துணி என்பது கண்ணுக்கு மறைந்த துணி இல்லை. உடம்பு படுகிற துணியே அதுதான். அந்த விதத்தில் இந்தப் பெட்ஷீட்டைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். நடுவில் ஒரு ஒட்டு கிடையாது. கடையில் மீட்டர் கணக்கில் எடுக்கிற பாப்லினோ காட்டனோ பெரும்பாலும் 36 அல்லது 44 அங்குல அகலம்தான் வரும்; இரண்டு மூன்று அகலம் சேர்த்தால்தான் ஒரு பெரிய குயில்ட்டுக்குக் காணும். சேர்த்த இடம் முதுகெலும்புக்குக் கீழே வந்தால் ராத்திரி முழுக்கத் தெரியும். பெட்ஷீட்டில் அந்தத் தொல்லையே இல்லை. வழவழவென்று ஒரே பரப்பு. சித்திரை வெயிலில்கூடத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. என் மாமியார் பட்டாசலில் (முன்கூடத்தில்) மதியத் தூக்கத்துக்கு இதைத் தவிர வேறு எதையும் விரிக்க விடுவதில்லை.

ஆனால் அந்த வழவழப்பு எங்கிருந்து வருகிறது? நெருக்க நெசவில் இருந்து. என் விரலில் விழுந்த ஏழு குத்துக்கும் காரணம் அதே நெசவுதான்.

பாக்கெட்டில் 300 என்று எண் போட்டிருந்தது. ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்காக ஓடுகிற பாவு நூல் எத்தனை, குறுக்காக ஓடுகிற ஊடை நூல் எத்தனை என்று இரண்டையும் கூட்டிச் சொல்கிற கணக்கு அது. குயில்ட் தைப்பதற்கென்றே நெய்கிற பருத்தித் துணியில் இந்தக் கூட்டுத்தொகை பெரும்பாலும் 120இலிருந்து 150க்குள் இருக்கும். இரண்டு மடங்குக்குக் குறையாத நூலை அதே ஒரு சதுர அங்குலத்துக்குள் நெருக்கி வைத்திருக்கிறார்கள். தளர்ந்த துணியில் ஊசி முனை பட்டதும் நூல்கள் ஒதுங்கி வழிவிடும். இதில் ஒதுங்க இடமில்லை. ஊசி ஒன்று நூலைப் பிளக்க வேண்டும், இல்லை தைப்பவர் விரலைப் பிளக்க வேண்டும். இரட்டை முறுக்கு நூலை இரண்டாக எண்ணி எண்ணைப் பெரிதாக்கிப் போடுகிற வழக்கமும் சந்தையில் இருக்கிறது. அதனால் பாக்கெட் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கடைக்காரர் விட்டால் ஓரத்தில் ஒரு ஊசியைக் குத்திப் பாருங்கள்.

கையால் தைத்தவர்களுக்குத் தெரியும், குயில்ட் தையலின் சுகமே ஊசியை மேலும் கீழும் ஆட்டி, மூன்று நான்கு தையலை ஊசியிலேயே கோர்த்துக்கொண்டு ஒரே இழுப்பாக இழுப்பதில்தான் இருக்கிறது. கை ஒரு தாளத்துக்கு வந்துவிட்டால் நேரம் போவதே தெரியாது. இந்தத் துணியில் அது நடக்கவே நடக்காது. மேல்துணி தாண்டி, பஞ்சு தாண்டி, ஊசி பெட்ஷீட்டில் முட்டி நின்றுவிடும். துணி ஒரு கடுகளவு கீழே புடைக்கும். இன்னும் அழுத்தினால் 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வருகிற அதே நொடியில் கீழே காத்திருக்கிற இடது விரலுக்குள் ஊசி இறங்கியிருக்கும். பிறகு அதே ஊசியைக் கீழிருந்து மேலே திருப்ப வேண்டும். மறுபடி முட்டல், மறுபடி டப். ஒரு தடவைக்கு ஒரு தையல்தான். அந்த இளநீலத்தில் என் ரத்தம் பொட்டுப் பொட்டாகப் பட்டு, எச்சில் தொட்டுத் துடைத்த இடங்கள் எனக்கு மட்டும் தெரியும்.

தப்பாகப் போட்ட தையலைப் பிரித்தால் இன்னொரு வயிற்றெரிச்சல். பருத்திச் சேலையில் பிரித்த தடம் ஒரு அலசலில் மூடிவிடும். இதில் ஓட்டைகள் எறும்பு வரிசை மாதிரி அப்படியே நிற்கும். தண்ணீர் தெளித்து நகத்தால் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டால் முக்கால்வாசி மூடும், முழுசாக மூடாது. இடது மூலையில் நான் கோணலாகப் போட்டுப் பிரித்த ஒரு வரிசை இன்றைக்கும் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிறது.

நான் முதலில் செய்த தப்பையும் சொல்லியாக வேண்டும். துணியை நனைக்காமல் தைத்துவிட்டேன். புதுப் பெட்ஷீட்டில் ஏற்றியிருக்கிற கஞ்சியும் மினுமினுப்புப் பூச்சும் போகவில்லை. முதல் துவைப்பில் அடித்துணி மட்டும் சுருங்கி, குயில்ட் முழுக்கச் சுருக்கம் விழுந்தது. அந்தச் சுருக்கம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சுடுதண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, இரண்டு தடவை துவைத்துக் காயவைத்துத் தைத்திருந்தால் ஊசி கொஞ்சமாவது இளகி இறங்கியிருக்கும். பிறகு கற்றுக்கொண்ட மற்ற உபாயங்கள்: 10ஆம் நம்பர் மாதிரி மெல்லிய குட்டை ஊசி, காய்ந்த சோப்புக் கட்டியில் அவ்வப்போது குத்தி எடுப்பது, நூலுக்கு மெழுகு. எல்லாம் உதவுகிறது. போன வாரமும் எல்லாவற்றையும் செய்தேன். அப்படியும் ஏழு குத்து.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்து, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த குயில்ட் இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கரண்ட் வந்த பிறகுதான் எடுத்துப் பார்க்க முடிந்தது. இரண்டு பேர் தூக்கியும் தூக்க முடியாத கனம். தட்டட்டிக்கு (மொட்டை மாடிக்கு) கொண்டுபோய்க் காலால் மிதித்து, ஒன்பது பத்துக் குடம் தண்ணீர் விட்டு அலசினோம். ஒட்டுப்போட்ட பக்கத்தில் சிவப்புத் துண்டுகள் சாயம் விட்டு, பக்கத்துச் சதுரங்கள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன. பெட்ஷீட் பக்கம்? வண்டல் நெசவுக்குள் இறங்கவே இல்லை, மேலாகப் படிந்திருந்தது அப்படியே வழிந்து போய்விட்டது. ஒரே ஒரு ரோஸ் திட்டு மட்டும் மிச்சம். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததும் பழைய வழவழப்பு திரும்பிவிட்டது. அன்றைக்கு அந்தத் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அழுகை வந்தது. வீட்டில் அத்தனை சாமான் போன நேரத்தில் இது மட்டும் மீண்டு வந்தது.

கோரைப் பாய் முனையில் உராய்ந்தும், தினம் மடித்து விரித்தும், ஐந்து வருடத்தில் பெட்ஷீட்டில் ஒரு கிழிசல் இல்லை. பஞ்சு பிசிறு எதுவும் அதன் வழியாக வெளியே வந்ததில்லை. விட்டுப்போனது தையல் நூல்தான், துணி இல்லை.

சித்தி மகள் சொன்ன தள்ளுபடி ரகங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பாதி விலைக்கு வருவதில் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்ததுதான் இருக்கும். கலப்புத் துணி பத்துத் துவைப்பில் உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும், படுத்தால் முதுகில் உறுத்தும். முழுப் பாலியஸ்டர் என்றால் தைக்கும்போது வழுக்கி ஓடும், வியர்வையை உறிஞ்சாது, இஸ்திரிப் பெட்டி சூடு கூடினால் சுருண்டுவிடும். நம் ஊருக்கு அது ஆகவே ஆகாது. வீட்டில் பழசான பருத்திப் பெட்ஷீட் இருந்தால் ஊசி இறங்கும், ஆனால் நடுப்பகுதி நைந்திருக்கும். நடுவில் நெடுக்காக வெட்டி, கெட்டியான இரண்டு ஓரங்களையும் நடுவுக்குக் கொண்டுவந்து ஒட்டினால்தான் உழைக்கும். ஒட்டு வந்துவிட்டதா, பெட்ஷீட் போட்டதன் பலன் போயிற்று.

மிஷினில் தைப்பவர்களுக்கு ஊசி இறங்காத குறை பொருந்தாது. புது 14ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்தால் ஓடிவிடும். ஊசி மழுங்கினால் மட்டும் தையல் தாண்டும். டெய்லர் அக்கா தன் பேத்திக்கு அப்படித்தான் ஒன்று தைத்தார், நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு மிஷின் தையல் போட்ட குயில்ட் கொஞ்சம் விறைப்பாகத் தெரிகிறது. மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில் மடியில் போட்டுக் கையால் தைக்கத்தான் நான் குயில்ட்டுக்கே வந்தேன்.

எங்கள் ஆச்சி பழைய நூல் சேலையை நாலாக மடித்து, அதே சேலைக் கரையில் உருவின நூலால் தைப்பாள். தொட்டில் பிள்ளைக்கு அடியில் போடுவது அது. ஊசி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். பேசிக்கொண்டே தைப்பாள், கையைப் பார்க்கவே மாட்டாள். அவள் விரலில் ஒரு குத்து நான் பார்த்ததில்லை. என் குயில்ட் அவள் தைத்ததைவிட வழவழப்பு, அவள் தைத்ததைவிட உழைக்கும். ஆனால் தைக்கிற ஒவ்வொரு நாளும் அதோடு சண்டை போட்டுக்கொண்டுதான் தைத்தேன். மூன்று மாதம் மடியில் கிடக்கப் போகிற துணியோடு ஏன் சண்டை?

அதனால்தான் சித்தி மகளிடம் வாங்காதே என்றேன். தள்ளுபடி பாதி விலை இல்லை, கால் விலை என்றாலும் இதைத்தான் சொல்வேன்.

நேற்று நான் டவுனுக்குப் போய் 48 அங்குல அகலக் காடா (வெளுக்காத பருத்தித் துணி) ஆறு மீட்டர் எடுத்து வந்தேன், அடுத்த குயில்ட்டுக்கு. ராத்திரியே ஊறப்போட்டேன், காலையில் தண்ணீர் கஞ்சி நிறத்தில் இருந்தது. ஒட்டு வரும்தான். இரண்டு துண்டாக வெட்டி, ஒன்றை முழு அகலத்தோடு நடுவில் வைத்து, மற்றதை நெடுக்காகப் பாதியாகக் கிழித்து இரண்டு பக்கமும் சேர்த்துவிட்டால் ஒட்டு முதுகுக்குக் கீழே வராது, கையோரமாகப் போய்விடும். காய்ந்ததும் ஒரு மூலையில் பஞ்சுத் துண்டு வைத்து ஊசியை விட்டுப் பார்த்தேன். ஒரே இழுப்பில் நான்கு தையல் ஏறியது.