விரிசல் விட்ட செங்கல் சுவர்: சுண்ணாம்பா சிமென்டா, கம்பியா எபாக்ஸியா?

செங்கல் சுவரைப் பழுதுபார்க்கும்போது நாம் உள்ளே வைக்கிற பொருள் செங்கல்லைவிடக் கெட்டியாக இருக்கக் கூடாது. இருப்பதிலேயே வலுவானதைத் தேடுகிறவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் சுவர் சும்மா நிற்பதில்லை. வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், மழை ஈரத்தைக் குடிக்கும், அப்புறம் அதை வெளியே விடும், அடியில் மண் அமுங்கினால் கூடவே இறங்கும். இந்த அசைவை ஏதாவது ஒன்று தாங்கியாக வேண்டும். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவிலுள்ள மூட்டிலிருக்கிற கலவை தாங்கினால், பல வருடம் கழித்து அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பிக்கொள்ளலாம். செங்கல் தாங்க வேண்டிவந்தால், போன செங்கல் போனதுதான். கீழே வருகிற ஒவ்வொரு வழியையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறேன்.

பொருளுக்கு முன்னால் விரிசலைப் படிக்க வேண்டும்

பூச்சு உள்ள சுவர் என்றால், விரிசல் பூச்சோடு நிற்கிறதா, செங்கல் வரை இறங்கியிருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். கரணைக் காம்பால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் விரிசலுக்குக் குறுக்கே ஒரு கை அகலத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துவிடுவதே நல்லது. உள்ளே செங்கலும் மூட்டும் முழுசாக இருந்தால் அது வெறும் பூச்சு வேலை.

விரிசலின் வடிவமே பாதி காரணத்தைச் சொல்லிவிடும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஓடினால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கூரைத் தளத்துக்கு அடியில் படுக்கையாக ஓடினால் வெப்பம். கான்கிரீட் தூணை ஒட்டி நேர்க்கோடாக இறங்கினால், இரண்டு பொருள்கள் வேறு வேறு அளவில் அசைகின்றன என்று அர்த்தம். அகலத்தைப் பொறுத்தவரை, 1 மி.மீ. வரை மெல்லியது, 5 மி.மீ. வரை பெரும்பாலும் அழகுப் பிரச்சினை, 5 முதல் 15 மி.மீ. வரை கதவு ஜன்னல் இறுகத் தொடங்கும் நிலை, அதற்கு மேல் கட்டட வலுவையே பார்க்க வேண்டிய நிலை என்று பொறியாளர்கள் பொதுவாக வகுக்கிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, அது ஓடிக்கொண்டிருக்கிற விரிசலா, நின்றுபோன விரிசலா என்பதுதான். விரிசலின் இரு பக்கமும் ஒரு புள்ளி வைத்து இடைவெளியை அளந்து தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள், அல்லது குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் அசைவு இருக்கிறது. களிமண் நிலத்தில் மண் மழைக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். அதனால் ஈரப் பருவம், வறண்ட பருவம் இரண்டையும் பார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது. சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் சாய்வு தெரிந்தாலோ, கீழே சொல்லும் எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மூட்டுக்கு: சுண்ணாம்பும் சிமென்டும்

அரித்துப்போன மூட்டைச் சுரண்டிவிட்டு மறுபடி நிரப்புவது சுவர்ப் பழுதுகளிலேயே அதிகம் நடக்கிற வேலை. அதிகம் கெட்டுப்போகிற வேலையும் அதுதான்.

போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை பெறப்பட்டது 1824-ல். அது எல்லா இடத்துக்கும் பரவ இன்னும் நெடுங்காலம் ஆனது. அதற்கு முந்தைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில் கட்டப்பட்டவை, செங்கலும் இன்றைய செங்கல்லைவிட மிருதுவானது. இப்படிப்பட்ட சுவரின் மூட்டில் கெட்டிச் சிமென்டை அடைத்தால் என்ன ஆகும்? ஈரம் அதுவரை மூட்டு வழியாகத்தான் ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வழி அடைபட்டதும் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும். ஈரத்தோடு வருகிற உப்பு செங்கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளேயே படிகமாகும். படிகம் வளர வளர முகம் பொரிந்து தாள் தாளாக உதிரும். குளிர் நாடுகளில் அந்த ஈரம் உறைந்து இதே வேலையை இன்னும் வேகமாகச் செய்கிறது. சில வருடங்களில் சிமென்ட் மட்டும் ஒரு சட்டம் போலத் துருத்தி நிற்க, நடுவில் செங்கல் குழிந்து போயிருக்கும். பழைய கட்டடங்களில் இதைப் பார்க்கிறவர்கள் "செங்கல் மோசம்" என்று சொல்லிவிடுகிறார்கள். செங்கல் நன்றாகத்தான் இருந்தது.

சிமென்டின் பலம் வேகம். அன்றே இறுகும், ஈரமான இடத்திலும் இறுகும், எல்லாக் கொத்தனாருக்கும் கை பழகியது. நன்றாக வெந்த கெட்டிச் செங்கல், மண்ணைத் தாங்கும் சுவர், சிமென்டிலேயே கட்டிய புதிய சுவர் இவற்றுக்கு அதுவே சரி. ஆனால் அங்கேயும் சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று என்று கொழுத்த கலவை வேண்டாம். அது காயும்போதே சுருங்கி, மயிரிழை வெடிப்பு விட்டு, அந்த வெடிப்பு வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒன்றுக்கு ஆறு போதும்.

சுண்ணாம்பின் பலம் இளக்கம். சுவர் லேசாக அசைந்தால் கூடவே அசையும். மயிரிழை விரிசல் விட்டாலும், மழைநீரில் கரைகிற சுண்ணாம்பு அதே விரிசலில் மறுபடி படிந்து ஓரளவு தானே அடைத்துக்கொள்ளும். பழைய செங்கல்லைப் பிரித்தெடுக்க நேர்ந்தால் கரணையால் தட்டினாலே காரை விட்டுவிடும். சிமென்டாக இருந்தால் செங்கல்லும் சேர்ந்து உடையும். குறை என்றால் அது கேட்கிற பொறுமைதான். நீர்த்த சுண்ணாம்புக் களி காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கித்தான் கல்லாகிறது. அதற்கு வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். முதல் நாட்களில் ஈரச் சாக்குப் போட்டு, சுடுவெயிலும் கொட்டும் மழையும் படாமல் காக்க வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் வேலையையே தொடக் கூடாது. அவ்வளவு காத்திருக்க முடியாத இடத்தில் நீரில் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு உதவும். 2, 3.5, 5 என்று அதில் மூன்று வகை உண்டு. அந்த எண்கள் 28 நாளில் எட்ட வேண்டிய குறைந்தபட்ச அழுத்த வலுவை மெகாபாஸ்கலில் சொல்கின்றன. மிருதுவான செங்கல்லுக்குச் சின்ன எண்ணே நல்லது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. சிமென்ட் ஒன்று, சுண்ணாம்பு ஒன்று, மணல் ஆறு. சிமென்ட் காலத்துச் சாதாரண வீட்டுச் சுவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சற்று இளக்கம் வேண்டுமென்றால் ஒன்று, இரண்டு, ஒன்பது. ஆனால் முழுச் சுண்ணாம்புச் சுவரில் இந்தச் சமரசம்கூட வேண்டாம் என்பதே என் முடிவு. அங்கே சுண்ணாம்பு மட்டும்தான்.

பொருள் எதுவானாலும் ஆழம் இல்லையென்றால் எல்லாம் வீண். மூட்டு எவ்வளவு அகலமோ அதைப்போல இரண்டு மடங்காவது உள்ளே சுரண்ட வேண்டும். வழக்கமான மூட்டுக்கு அது 20 முதல் 25 மி.மீ. வரும். மேலாக 5 மி.மீ. கீறிவிட்டுத் தடவிய கலவை சீக்கிரமே பட்டை பட்டையாக விழுந்துவிடும். கிரைண்டர் வேகமானதுதான், ஆனால் சக்கரம் ஒரு நொடி விலகினால் செங்கல் விளிம்பைக் கடித்துவிடும். செங்குத்து மூட்டுகளில் இது நடக்காமல் இருப்பது அபூர்வம். ஆகவே கெட்டிச் சிமென்ட் மூட்டின் நடுவில் மட்டும் ஒரு கோடு இழுத்துவிட்டு, மிச்சத்தை மெல்லிய உளியால் எடுப்பது பாதுகாப்பு. தூசியை முழுக்க ஊதித் துடைத்து, மூட்டை நனைத்து, மேற்பரப்பில் தண்ணீர் மினுங்குவது அடங்கிய பிறகு கலவையை உள்ளே திணியுங்கள். ஒரே மூச்சில் நிரப்பாமல் இரண்டு மூன்று அடுக்காக, ஒவ்வொன்றையும் அழுத்தி நிரப்புங்கள். செங்கல் முகத்தில் வழியவிடாதீர்கள். கிரைண்டர் தூசி நுரையீரலுக்குக் கேடு, சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும். முகமூடி, கண்ணாடி, கையுறை கட்டாயம்.

விரிசலுக்கு: எபாக்ஸி, தையல் கம்பி, கூழ்

நின்றுபோன மெல்லிய விரிசலுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. கொஞ்சம் அகலப்படுத்தி, சுவருக்கு ஏற்ற கலவையால் அடைத்துவிடலாம். புட்டி பூச்சுக்கு மட்டும்தான் உதவும்.

எபாக்ஸி என்பது கெட்டியாக இறுகும் ஒரு செயற்கைப் பசை. அதைச் செங்கல் சுவருக்குப் பரிந்துரைக்கிறவர்கள் அதன் வலுவைத்தான் முன்னால் வைக்கிறார்கள். என் தயக்கமும் அங்கேதான். கான்கிரீட் உத்தரத்தில் விட்ட விரிசலுக்கு அது அருமையான பொருள். செங்கல்லில் போட்டால், ஒட்டிய இடம் சுற்றியுள்ள செங்கல்லைவிடப் பல மடங்கு வலுவாகிவிடும். சுவர் அடுத்த முறை அசையும்போது அந்த இடம் அசையாது. பக்கத்தில் ஒரு புது விரிசல் பிறக்கும். ஈரம் வெளியேறவும் விடாது, வைத்ததைத் திரும்ப எடுக்கவும் முடியாது, சாதாரண எபாக்ஸி ஈரப்பரப்பில் சரியாக ஒட்டவும் ஒட்டாது. உடைந்த கருங்கல் துண்டை உள்ளே சிறு கம்பி வைத்து இணைக்க வேண்டும் என்பது போன்ற வேலைக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

தையல் கம்பி இதற்கு நேர்மாறாக யோசிக்கிறது. விரிசலை ஒட்டாமல், இரு பக்கத்துச் சுவரையும் சேர்த்துப் பிடிக்கிறது. படுக்கையாக ஓடும் மூட்டை 25 முதல் 40 மி.மீ. ஆழத்துக்கு வெட்டி, விரிசலைத் தாண்டி இரு புறமும் அரை மீட்டர் வீதம் நீளம் விட்டு, முறுக்கிய 6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் கலவையில் புதைக்கிறார்கள். நான்கிலிருந்து ஆறு செங்கல் வரிக்கு ஒன்று. மேலே மூட்டை நிரப்பிவிட்டால் வேலை நடந்த சுவடே தெரியாது. விரிசலில் குவிந்திருந்த இழுவிசையைக் கம்பி நீளமான சுவர்ப்பகுதிக்குப் பரப்பிவிடுகிறது, செங்கல்லைத் துளைப்பதும் இல்லை. செங்கல் சுவரின் நடுத்தர விரிசலுக்கு இதற்கு இணையாக வேறொன்றை நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். மிச்சம் பிடிக்கலாம் என்று சாதாரணக் கம்பியை வைத்தால் அது துருவேறிப் பல மடங்கு பருத்து, மூட்டையே பிளந்துவிடும். இன்னொன்று, அஸ்திவாரம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் தையல் பிரயோஜனமில்லை. கம்பி முடிகிற இடத்தில் சுவர் மறுபடி வெடிக்கும். கசியும் குழாய், வேர் விடும் மரம், தேங்கும் தண்ணீர் என்று காரணம் எதுவோ அதை நிறுத்திய பிறகுதான் தையல்.

ஒழுங்கற்ற கற்களால் கட்டிய தடித்த சுவரில் நேரான மூட்டே இருக்காது, அங்கே தையலுக்கு வழியில்லை. இரண்டு முகங்களுக்கு நடுவில் சில்லும் காரையும் போட்டு நிரப்பிய அந்தச் சுவர்களில், வருடக்கணக்கில் இறங்கிய மழைநீர் உள்காரையைக் கழுவிக்கொண்டு போயிருக்கும். தட்டினால் உள்ளே வெற்றிடம் கேட்கும். இதற்குக் கூழ், அதாவது ஓடும் பதத்தில் கரைத்த கலவை, செலுத்துவதுதான் வழி. வெளி விரிசல்களை முதலில் அடைத்து, துளைகளில் குழாய் வைத்து, அடியிலிருந்து மேலே குறைந்த அழுத்தத்தில் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அடுத்த துளையில் கூழ் எட்டிப்பார்த்ததும் கீழ்த்துளையை அடைத்துவிட்டு மேலே நகர வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் முழு உயரமும் ஏற்றினால் ஈரக்கூழின் பாரமே சுவரின் முகத்தை வெளியே தள்ளிவிடும். இங்கேயும் சிமென்ட் கூழைவிடச் சுண்ணாம்புக் கூழுக்கே என் ஓட்டு. சிமென்டிலிருந்து கரைந்து வரும் உப்பு பழைய கல்லுக்கு ஆகாது.

செங்கல்லே நொறுங்கியிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. அந்தப் பகுதியைப் பிரித்து, பழைய வரிகளில் பல் விட்டு, அதே அளவும் அதே மிருதுத் தன்மையும் கொண்ட செங்கல்லால் திரும்பக் கட்டுங்கள். மேலே பாரம் இருந்தால் முட்டுக் கொடுத்து, சிறு சிறு பகுதியாகப் பிரியுங்கள். மற்ற வழிகளைவிட நாள் பிடிக்கும். ஆனால் ஒழுங்காகச் செய்தால் நிலைத்து நிற்பது இதுதான், தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

கான்கிரீட் தளத்துக்கு அடியில் ஓடும் படுக்கை விரிசல் தனி ரகம். 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மி.மீ. நீளும். செங்கல் சுவர் அதில் ஏறக்குறைய பாதிதான் நீளும். ஒவ்வொரு நாளும் நடக்கிற இந்த இழுபறியை எந்தக் கலவையாலும் அடக்க முடியாது. விரிசலை நேராக வெட்டி, இளகிக்கொடுக்கும் அடைப்புப் பசையை (சீலன்ட்) நிரப்பி, அதை ஒரு இணைப்பாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். கூரைக்கு வெப்பத் தடுப்புப் போட்டால் அசைவே குறையும். தூணும் சுவரும் சேருகிற இடத்தில் அசைவு சிறியதென்றால், பூச்சுக்குள் இரு பக்கமும் படரும்படி கம்பி வலை வைத்துப் பூசினாலே போதும்.

மேல்பூச்சு

வேலை முடிந்ததும் நீர் புகாத பெயின்ட் அடித்துவிடலாம் என்று தோன்றும். ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருகிறதென்றால் சரி. தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தை அது சுவருக்குள்ளேயே பூட்டிவிடும், பெயின்ட் கொப்பளித்து உரியும். சுண்ணாம்பு அடித்தால் சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும், ஆனால் சுவர் மூச்சு விடும். மிருதுவான செங்கல்லுக்கு அதுவே போதும். எதை அடிப்பதானாலும், கூரை நீர்க்குழாயைச் சரிசெய்து, சுவரடியில் ஏறிப்போன மண்ணை வாரி எடுத்துவிட்டு, புது மூட்டு முழுக்கக் காய்ந்த பிறகு அடியுங்கள்.