உப்பை எடைபோடுவதா, காரத்தை விடுவதா: அமிலத் தாங்கல் கரைசலுக்கு இரண்டு வழிகள்

அசிட்டிக் அமிலமும் அதன் உப்பிலிருந்து வரும் அசிட்டேட்டும் ஒரே கரைசலில் போதிய அளவு இருந்தால் அது அமிலத் தாங்கல் கரைசல்: கொஞ்சம் அமிலமோ காரமோ சேர்ந்தாலும் அதன் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) அதிகம் மாறாது. இதில் யாருக்கும் குழப்பமில்லை. அந்த அசிட்டேட் எங்கிருந்து வருவது என்பதில்தான் இரண்டு வழி. சோடியம் அசிட்டேட்டை எடைபோட்டு அமிலத்தில் கரைக்கலாம். அல்லது அமிலத்திலேயே அளவாகச் சோடியம் ஹைட்ராக்சைடை விட்டு, ஒரு பகுதியை உப்பாக மாற்றிக்கொள்ளலாம். கடலூரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டையும் செய்துவிட்டு நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

முதல் வழி வேகமானது. புது பாட்டிலும் நல்ல தராசும் இருந்தால் அதையே செய்யலாம். ஆனால் உப்பு இரண்டு வடிவில் வருகிறது: நீரற்றது மோலுக்கு 82 கிராம், மூன்று நீர் மூலக்கூறு கொண்டது 136 கிராம். ஒரு மோல் அமிலத்துக்கு நீரேறிய உப்பில் 82 கிராம் போட்டால், 4.76 வர வேண்டிய பிஎச் 4.54க்கு இறங்கிவிடும். இது லேபிளைப் படித்தால் தீரும். ஈரம் அப்படித் தீராது. ஐப்பசி, கார்த்திகைக் கடல்காற்றில் திறந்து திறந்து மூடிய நீரற்ற உப்பு கட்டிதட்டிப் போகிறது. அதில் உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தராசு சொல்லாது. ஓவனில் உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலனில்) வைத்துப் பாதுகாக்க வேண்டும்.

சோடியம் ஹைட்ராக்சைடு அதைவிட அதிகமாக ஈரம் இழுக்குமே என்று மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இங்கே காரத்தின் செறிவு தெரியவே வேண்டாம். 25 மிலி அமிலத்தைப் பிப்பெட்டில் எடுத்து, பினாப்தலீன் நிறங்காட்டி சேர்த்து, பியூரெட்டிலிருந்து காரத்தை விட்டுத் தரம்பாருங்கள். நிலையான வெளிர் இளஞ்சிவப்பு வந்ததும் பியூரெட் அளவைக் குறித்துக்கொண்டு அதைக் கொட்டிவிடுங்கள். பிறகு அதே அமிலத்தில் 50 மிலி எடுத்து, நிறங்காட்டி இல்லாமல், குறித்த அளவு காரத்தை மட்டும் விடுங்கள். 25 மிலியை முழுதாக நடுநிலையாக்கிய காரம் 50 மிலியில் சரிபாதியைத்தான் நடுநிலையாக்கும். அமிலமும் அசிட்டேட்டும் சமமாகிவிட்டன. பிஎச் = பிகேஏ + மடக்கை (அசிட்டேட்/அமிலம்) என்னும் ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாட்டில் மடக்கை சுழியாகி, பிஎச் அசிட்டிக் அமிலத்தின் பிகேஏவான (அமில வலிமையைக் குறிக்கும் எண்) 4.76ஐ ஒட்டி நிற்கும். தாங்குதிறன் மிகுந்திருப்பதும் அந்த விகிதத்தில்தான். காரம் 0.1 மோலாரா, 0.09 மோலாரா என்பது கணக்குக்குள்ளேயே வரவில்லை! மொத்த அசிட்டேட்டை நாம் எடுத்த அமிலமே தீர்மானிப்பதால், ஸ்டாண்டர்ட் பிளாஸ்க்கில் குறிவரை நீர் ஊற்றினால் செறிவும் சரியாக வரும்.

ஒரு கவனம் வேண்டும்: பழைய காரக் கரைசலில் கார்பனேட் சேர்ந்திருந்தால் பிஎச் கொஞ்சம் ஏறும். கொதிக்கவைத்து ஆறிய நீரில் அன்றைக்கே கரைத்துக்கொள்வேன். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் கரைக்கக் கூடாது, கரைசல் நன்றாகச் சுடும்.

5.2 போன்ற வேறு பிஎச் வேண்டுமானால், மீட்டரைப் பார்த்தபடி சொட்டுச் சொட்டாக விட்டு, எண் வந்ததும் நிறுத்தலாம். உப்பில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடும் மூன்றாவது வழியும் உண்டு. அதிலும் உப்பை எடைபோட்டே ஆக வேண்டும், கூடவே சோடியம் குளோரைடு வேறு சேரும். ஃபார்மிக் அமிலத்தில் நான் செய்தது குறைவு. வேதியியல் ஒன்றே, பிகேஏ மட்டும் 3.75. ஆனால் அசிட்டிக் அளவுக்கு அதைப் பற்றி உறுதியாகப் பரிந்துரைக்க என் அனுபவம் போதாது.