திருக்கைத் தொட்டியில் செடி வளர்த்த அனுபவம்

நன்னீர்த் திருக்கை இருக்கும் தொட்டியில் செடி நிற்காது என்பார்கள். மணலில் நட்ட செடிக்கு அது சரிதான். எங்களிடம் இருப்பது மோட்டோரோ என்ற வகைத் திருக்கை. அது இரை தேடக் கிளம்பினால் தட்டையான உடம்பை அடித்து அடித்து மணலைக் கிளறிவிடும், எந்த வேரும் தாங்காது. அதனால் தரையை அதற்கே விட்டுவிட்டுச் செடிகளை மேலே ஏற்றினோம். சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் பல வருடமாக இப்படித்தான் இருக்கிறது, பசுமைக்கு ஒரு குறையும் இல்லை.

பின்பக்கம் கனமான மரக்கட்டைகள். அவற்றில் அனூபியாஸும் ஜாவா ஃபெர்னும் தையல் நூலால் கட்டியவை. இவற்றின் தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். கட்டையோடு கட்டினால் வேர் தானாகப் பிடித்துக்கொள்ளும். வெளிச்சமும் அதிகம் கேட்காது. சிராங்கூன் நார்த் மீன் கடைகளில் இரண்டுமே கிடைக்கும். தொட்டியின் விளிம்பில் மணி பிளாண்ட், வேர் மட்டும் தண்ணீரில். மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டை உறிஞ்சி நன்றாகத் தழைக்கிறது. ஆனாலும் திருக்கை நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். வாராவாரம் தண்ணீர் மாற்றாமல் முடியாது.

பொதுப் பயனீட்டுக் கழகத்தின் குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரமைன் உண்டு, அது மீனுக்கு ஆகாது. ராத்திரி முழுக்கப் பிடித்து வைத்தாலும் போகாது. அதை முறிக்கும் மீன்தொட்டிக் கண்டிஷனர் கட்டாயம் வேண்டும்.

மணல் நைசாக இருக்கட்டும், கூரான கல் வயிற்றைக் கிழித்துவிடும். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும்போது கண்கள் மட்டும் வெளியே தெரியும். கண்களுக்குப் பின்னால் இரண்டு துளைகள் மூடி மூடித் திறக்கும். வாய் அடியில் இருப்பதால் சுவாசத்துக்கான தண்ணீரை அந்தத் துளைகள் வழியாகத்தான் உள்ளே இழுக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. சுத்தம் செய்யக் கைவிடும் முன் வால் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதில் விஷமுள் இருக்கிறது.

நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் வேண்டாம். அதன்மேல் படுத்துச் சுட்டுக்கொள்ளுமோ என்ற பயமும் இல்லை.

வாங்குமுன் தொட்டியின் அகலத்தை யோசியுங்கள், உயரம் பெரிய விஷயமில்லை. மோட்டோரோ அரை மீட்டர் அகலத்துக்கு வளரக்கூடியது, தாராளமாகத் திரும்ப இடம் வேண்டும். தென் அமெரிக்க ஆற்று மீனான இது அப்பர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் குடியேறியிருப்பது பதிவாகியிருக்கிறது. வளர்க்க முடியவில்லையா, கடைக்காரரிடமோ இடமுள்ள இன்னொருவரிடமோ கொடுங்கள். நீர்நிலையில் விடுவது சட்டப்படி குற்றம்.