கண்டி எசல பெரஹரா: பணம் கொடுத்து இருக்கை வாங்கலாமா?

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இலங்கைக்குச் செல்லும் பயணிக்கு அத்தீவு தரக்கூடிய மிகப் பெரிய காட்சி கண்டி நகரின் எசல பெரஹராதான். இரவில் நகரத் தெருக்களின் வழியே பல மணி நேரம் நகரும் அந்த ஊர்வலத்தைக் காண்பதற்குத் தெருவோர நாற்காலிகளும், கடை மாடிகளின் சாளரங்களும், ஹோட்டல்களின் பால்கனிகளும் வாடகைக்கு விடப்படுகின்றன. விழாவைப் புகழ்ந்து எழுதியவர்கள் பலர் உண்டு. இந்த இருக்கைச் சேவை கொடுக்கும் பணத்துக்குத் தகுமா என்று எழுதியவர்கள் குறைவு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விழாவுக்காகக் கடல் கடந்து செல்லலாம். இருக்கைக்குப் பணமும் கொடுக்கலாம். ஆனால் எந்த இரவு, எந்தத் தெரு, எத்தனையாவது வரிசை என்ற மூன்றும் எழுத்தில் உறுதியான பிறகுதான் கொடுக்க வேண்டும்.

விழா நாட்கள் நிலவைப் பின்பற்றி அமைவதால் ஆண்டுதோறும் தேதி மாறும். நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம், பத்தினி ஆகியோரின் ‘தேவாலயம்’ எனப்படும் நான்கு கோயில்களிலும் ‘கப்’ எனப்படும் கால் நடப்படுவதோடு விழா தொடங்குகிறது. முதல் ஐந்து நாட்கள் சடங்குகள் அந்தந்தத் தேவாலய வளாகத்துக்குள்ளேயே நடைபெறுகின்றன; பயணி அந்த நாட்களில் கண்டிக்குச் சென்றால் தெருவில் எதையும் காண முடியாது. அடுத்த ஐந்து இரவுகள் கும்பல் பெரஹரா, அதற்கடுத்த ஐந்து இரவுகள் ரந்தோலி பெரஹரா என்று ஊர்வலம் இரவுக்கு இரவு பெருகிக்கொண்டே போய், நிகினி மாதத்து முழுநிலவான போயா நாளையொட்டி நிறைவடைகிறது. இருக்கை விற்பவர்கள் கடைசி ரந்தோலி இரவையே முன்னிறுத்துவார்கள். விலையும் நெரிசலும் அன்றுதான் உச்சத்தில் இருக்கும். கும்பலின் கடைசி இரவையும் ரந்தோலியின் நடு இரவுகளில் ஒன்றையும் தேர்ந்தெடுப்பதே சிறந்தது என்பது என் கருத்து. கும்பல் இரவில் யானைகளும் ஆட்டக் குழுக்களும் குறைவாக இருந்தாலும், பார்வையாளர் கூட்டமும் குறைவு என்பதால் மேளக்காரரின் விரல்கள் வரை பார்க்க முடிகிறது.

இருக்கைகள் மூன்று வகைப்படும். முதலாவது, நடைபாதையில் வரிசையாகப் போடப்படும் பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டாவது, வணிகக் கட்டடங்களின் முதல் மாடிச் சாளரமோ தாழ்வாரமோ. மூன்றாவது, ஊர்வலம் செல்லும் வழியில் உள்ள ஹோட்டல்களின் பால்கனி. ஏரிக்கு அருகே தலதா வீதியில் இருக்கும் பழைய குவீன்ஸ் ஹோட்டல் இதற்குப் பெயர் பெற்றது. மூன்றில் நான் பரிந்துரைப்பது நடைபாதை நாற்காலியைத்தான், அதுவும் முதல் வரிசையாக இருந்தால் மட்டுமே. மாடியிலிருந்து பார்த்தால் ஊர்வலத்தின் நீளமும் ஒளியும் அழகாகத் தெரிகின்றன. ஆனால் யானையின் முதுகை மேலிருந்து பார்ப்பதும், யானை நம்மைக் கடந்து செல்லும்போது அதன் காலடியில் சங்கிலி உரசும் ஒலியைக் கேட்பதும் ஒன்றல்ல. வயதானவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் மாடியையே தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் கழிப்பறைக்குச் சென்று திரும்பும் வசதி அங்குதான் உண்டு. நடைபாதையில் ஒரு முறை எழுந்து சென்றால் மீண்டும் அந்த இடத்துக்கு வந்து சேர்வது பெரும்பாடு.

இந்தச் சேவையின் குறை இடைத்தரகர்களிடம் இருக்கிறது. இணையத்தின் வழியாக நான் பணம் செலுத்திய ஒரு முகவர் முதல் வரிசை என்று உறுதியளித்தார்; அங்கே சென்றபோது கிடைத்ததோ மூன்றாம் வரிசை, அதிலும் மின்கம்பத்துக்கு நேர் பின்னால். முன்னால் இருந்தவர்கள் கைப்பேசியை உயர்த்தியபோதெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்தத் திரைகளில் ஓடிய ஊர்வலம்தான். மறுநாள் காலையில் அதே தெருவில் உள்ள ஒரு கடைக்காரரிடம் நேரில் பேசி, நாற்காலியைக் கண்ணால் பார்த்து, அமர்ந்தும் பார்த்த பிறகு பணம் கொடுத்தபோது முகவர் கேட்டதைவிடக் குறைந்த விலையில் நல்ல இடம் கிடைத்தது. ஒரே நாற்காலிக்கு உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, அயல்நாட்டவருக்குப் பல மடங்கு விலை என்பது அங்கே வெளிப்படையாகவே நடக்கிறது. விழா நாட்களில் கடைக்காரர்களுக்கு இது நியாயமான வருமானம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாக்களித்த இடத்தைத் தராமல் போவதை எந்த நியாயமும் தாங்காது. ரசீதில் வரிசை எண்ணை எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பணமே கொடுக்காமல் பார்க்கும் வழியும் உண்டு. பெருந்திரளான சிங்களக் குடும்பங்கள் நண்பகலிலிருந்தே பாயும் சோற்றுப் பொதியும் கொண்டுவந்து நடைபாதையில் இடம் பிடித்து அமர்கின்றன. இது அவர்களுடைய வழிபாடு என்பதை மறவாமல், அவர்கள் இடத்தைக் குறுக்காமல் கேட்டு அமர்ந்தால் மனமுவந்து ஒதுங்கி இடம் தருவார்கள். ஆறேழு மணி நேரம் வெயிலிலும் தூறலிலும் அமரத் தெம்பு இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இருக்கை கிடையாது. குடை விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும். மழைச் சட்டை எடுத்துச் செல்வதே நாகரிகம்.

இனி காட்சிக்கு வருவோம். நாள்தோறும் குறிக்கப்படும் சுபவேளையில் வேட்டுச் சத்தம் எழும்பியதும் தெருவில் ஒரு நொடி பேச்சு நின்றுவிடுகிறது. முதலில் வருபவர்கள் சாட்டை அடிப்பவர்கள். நீண்ட சாட்டையைத் தலைக்கு மேல் சுழற்றித் தரையில் சொடுக்கும் ஓசை ஊர்வலம் வருவதை அறிவிக்கிறது. அவர்களைத் தொடர்ந்து தீப்பந்துகளைச் சுழற்றுபவர்களும், கொடி ஏந்துபவர்களும், முதல் யானையின் மேல் அமர்ந்து வரும் பெரமுன ரால எனப்படும் அதிகாரியும், தவுல், தம்மட்டம், கெட்ட பெர முதலிய தாளக் கருவிகளை முழக்குபவர்களும், வெள்ளித் தலையணி சூடிய வெஸ் நடனக் கலைஞர்களும் வருகின்றனர். இருபுறமும் இரும்புக் கூடைகளில் கொப்பரைத் தேங்காய் எரியும் தீவட்டிகளைத் தூக்கியபடி ஆட்கள் நடக்கின்றனர். கூடையில் தீ தணியும்போது, சாக்கில் கொப்பரையோடு உடன் வரும் இன்னொருவர் ஒரு கை அள்ளிப் போடுகிறார். எண்ணெய் சிந்தித் தீ மேலெழும்பி, சுடரின் வெப்பம் முதல் வரிசையில் இருப்பவரின் முகத்தில் படுகிறது. மின்விளக்குகள் பதித்த துணியைப் போர்த்திய யானைகள் பல வந்தாலும், இந்தத் தீவட்டி வெளிச்சத்தில் வரும் யானைதான் மனத்தில் நிற்கிறது.

புத்தரின் பல்லைக் காக்கும் கோயிலான தலதா மாளிகையின் கொம்பன் யானை நெருங்கும்போது கூட்டத்தின் போக்கே மாறுகிறது. புனிதப் பேழையைச் சுமந்துவரும் அந்த யானையின் பாதம் வெறுந்தரையில் படக்கூடாது என்பதற்காக முன்னால் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டே செல்கிறார்கள். யானை கடந்த பகுதியைச் சுருட்டி எடுத்து மீண்டும் முன்னால் கொண்டு ஓடுகிறார்கள். இந்த ஓட்டம் ஊர்வலம் முழுவதும் ஓயாமல் நடக்கிறது. சுற்றிலும் இருப்பவர்கள் எழுந்து நின்று கைகூப்பி ‘சாது, சாது’ என்கிறார்கள். பயணிகளும் அப்போது எழுந்து நிற்க வேண்டும். நாற்காலிக்குப் பணம் கொடுத்திருக்கிறோம் என்று அமர்ந்திருப்பது அவர்களைப் புண்படுத்தும். புத்தரின் பல் இந்தப் பேழையில் இருப்பதில்லை. அது மாளிகைக்குள்ளேயே காக்கப்படுகிறது, வெளியே வருவது அதன் அடையாளமான பேழை. அதன் பின்னால் தியவதன நிலமே எனப்படும் மாளிகையின் பொறுப்பாளர் கண்டி அரசவை உடையில் நடந்து வருகிறார்.

பல வெளிநாட்டுப் பயணிகள் இத்துடன் எழுந்து சென்றுவிடுகிறார்கள். தமிழர் அப்படிச் செய்யக் கூடாது, ஏனெனில் நமக்கு நெருக்கமான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் நாதர், விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்ற வரிசையில் வருகின்றன. கதிர்காமத் தெய்வம் நம் முருகன். அவருடைய ஊர்வலத்தில் மயிற்பீலி சூடிய காவடிகள் ஆடி வருகின்றன. பத்தினித் தெய்வம் நம் கண்ணகி. அவளுடைய ஊர்வலத்தில் பெண்கள் ஆடி வருகிறார்கள். பௌத்தப் பெருவிழா ஒன்றின் நடுவே, மலைநாட்டு இரவில் காவடி ஆடி வருவதைக் காணும் தமிழருக்கு ஏற்படும் நெகிழ்ச்சியை எந்தச் சுற்றுலா விளம்பரமும் சொல்வதில்லை.

இந்தக் கலப்புக்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. பெரஹரா முதலில் தெய்வங்களுக்கான விழாவாகவே நடந்துவந்தது. 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழியினர். அவர் காலத்தில், 1753இல் உபாலி தேரரின் தலைமையில் சயாம் நாட்டிலிருந்து வந்த பிக்குகள் இலங்கையில் உபசம்பதா எனும் துறவுச் சடங்கை மீட்டனர். தலதா மாளிகையின் ஊர்வலம் தெய்வங்களின் ஊர்வலத்துக்கு முன்னால் செல்லும் இன்றைய முறை 1775இல் அந்த மன்னரால் ஏற்படுத்தப்பட்டது. நாற்காலி விற்பவர்கள் வரலாற்றுக் குறிப்பு ஒன்றையும் தருவதில்லை. இவ்வளவு விலை வாங்குபவர்கள் ஒரு பக்கத் தாளாவது அச்சிட்டுக் கொடுக்கலாம்.

யானைகளைப் பற்றிப் பேசாமல் இந்த மதிப்புரை முழுமை பெறாது. 2019ஆம் ஆண்டில் எழுபது வயதான டிகிரி என்ற பெண் யானை, எலும்பு தெரிய மெலிந்திருந்த உடலை அலங்காரத் துணி மறைக்க, ஊர்வலத்தில் நடத்தப்பட்டது வெளியானபோது உலகெங்கும் கண்டனம் எழுந்தது. ஊர்வலத்தில் கால்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்ட யானைகளை நீங்கள் அருகிலிருந்தே பார்ப்பீர்கள். பல ஆண்டுகள் பேழையைச் சுமந்து 1988இல் இறந்த ராஜா என்ற கொம்பனின் உடலைப் பதப்படுத்தி மாளிகை வளாகத்திலேயே வைத்துப் போற்றும் அதே மக்கள்தான் இந்தச் சங்கிலியையும் ஏற்கிறார்கள். இது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. யானையின் துன்பத்தைக் காணப் பொறாதவர்கள் இந்த விழாவுக்குச் செல்வதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்கள் செல்லாமல் இருப்பதையும் நான் மதிக்கிறேன்.

நடைமுறைக் குறிப்புகள் சில. 1998இல் மாளிகை குண்டுவெடிப்புக்கு உள்ளானதிலிருந்து பாதுகாப்புச் சோதனை கடுமையானது. பெரிய பை எடுத்துச் செல்ல வேண்டாம். பிற்பகலிலேயே நகரின் நடுத்தெருக்கள் வாகனங்களுக்கு மூடப்படுவதால், நடந்து சென்றடையும் தொலைவில் அறை எடுத்துக்கொள்வது நல்லது. அறைகள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். தோளும் முழங்காலும் மறையும் வெளிர்நிற உடை மாளிகைக்குள் செல்லவும் உதவும். இருக்கை கிடைக்காதவர்களுக்கு ஆறுதல் ஒன்று உண்டு: கடைசி ரந்தோலி முடிந்து, கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில் நீர்வெட்டுச் சடங்கு நடந்த பின், பகல் பெரஹரா ஒன்று நடைபெறுகிறது. அதில் தீவட்டி இல்லை, ஆனால் உடைகளின் வேலைப்பாட்டைப் பகல் வெளிச்சத்தில்தான் காண முடியும். நிழற்படம் எடுப்பவர்கள் அதையே தேர்ந்தெடுக்கலாம்.

கண்டியோடு பயணத்தை முடித்துக்கொள்ளாமல் யாழ்ப்பாணத்துக்கும் செல்ல வாய்ப்பு இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. நல்லூர் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா ஆடி அமாவாசைக்குப் பின்வரும் சஷ்டியையொட்டிக் கொடியேறி, அடுத்த அமாவாசையையொட்டித் தீர்த்தத்தோடு நிறைவடைகிறது. கண்டி விழா இடையில் வரும் முழுநிலவோடு முடிவதால், இரண்டு காலக்கணக்கும் ஒரே சுற்றில் அமையும் ஆண்டுகளில், பெரஹரா முடிந்த பிறகும் நல்லூரில் சப்பறமும் தேரும் காண நாட்கள் மீதமிருக்கும். கண்டியிலிருந்தே தொடங்கும் ஏ9 நெடுஞ்சாலை 321 கிலோமீட்டர் வடக்கே சென்று யாழ்ப்பாணத்தில் முடிகிறது. நல்லூரில் இருக்கை விற்பனை என்பதே கிடையாது. அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய். ஆண்கள் மேலாடையின்றியே உள்ளே செல்ல வேண்டும், பூசைகள் குறித்த மணிக்கே நடக்கும்; ஐந்து நிமிடம் தாமதித்தாலும் காத்திருக்க மாட்டார்கள். தேர் நாளன்று சூரியன் உதிப்பதற்கு முன்பே வெளிவீதி மணலில் இடம் பிடித்துவிடுங்கள்.