ஊசி வால்வைத் திருகும் முன் நீரோட்டத்தைப் பாருங்கள்: மூன்றடிச் செடித்தொட்டியில் இரண்டு வருடப் பயன்பாடு

நீர்ச்செடி வளர்க்கும் மீன் தொட்டியில் இலை தேறவில்லை என்றால் பலருடைய கையும் முதலில் போவது, செடிக்குக் கொடுக்கும் கார்பன் டை ஆக்சைடு (சிஓ2) வாயுவைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வுக்குத்தான். நொடிக்கு ஒரு குமிழி இரண்டாகும், இரண்டு மூன்றாகும். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். மூலையில் நிற்கிற ரோட்டலாச் செடி மட்டும் நுனி சுருங்கி அப்படியே கிடக்கும். அந்தத் தொட்டியில் வாயுவுக்குப் பஞ்சமில்லை, அது மூலைக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். இலையை ஒட்டி அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தை ஓட்டம் கலைத்துக்கொண்டே இருந்தால்தான் செடிக்கு வாயு கிடைக்கும்.

இங்கே சொல்வது நாகர்கோவிலில் இரண்டு வருடமாக ஓடும் 3 × 1½ × 1½ அடித் தொட்டியைப் பற்றி. கணக்குப்படி 191 லிட்டர். மண், கல், மேலே விட்ட இடைவெளி எல்லாம் போக உண்மையான தண்ணீர் 150 லிட்டர்தான். தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் அட்டையில் மணிக்கு 1,200 லிட்டர் என்று போட்டிருக்கும். அந்த எண் மீடியா (உள்ளே நிரப்பும் வடிகட்டிப் பொருள்) இல்லாமல், உயரம் ஏற்றாமல் எடுத்தது. அதை நம்ப வேண்டாம். வெளிவரும் ஹோஸை 10 லிட்டர் வாளியில் விட்டு, செல்போனில் நேரம் பாருங்கள். வாளியின் வாய் தொட்டி விளிம்பு உயரத்தில் இருக்கட்டும், தரையில் வைத்தால் ஓட்டம் கூடுதலாகக் காட்டும். இந்தத் தொட்டியில் மீடியா நிரப்பிய பிறகு வாளி நிரம்ப 54 நொடி ஆனது, அதாவது மணிக்கு 667 லிட்டர். தொட்டித் தண்ணீரோடு ஒப்பிட்டால் மணிக்கு அட்டையில் எட்டு மடங்குச் சுழற்சி, வாளியில் நாலரை மடங்குகூட இல்லை. செடி அடர்ந்த, சிஓ2 ஏற்றும் தொட்டிக்குப் பத்து மடங்கு வேண்டும் என்று சொல்வது வழக்கம். அது அட்டைக் கணக்கா, வாளிக் கணக்கா என்பதை யாரும் சொல்வதில்லை.

அடுத்த சோதனைக்குச் செலவே கிடையாது. இனிப்புப் போடாத கட்டன்சாயாவை நன்றாக ஆறவைத்து, 10 மில்லி சிரிஞ்சில் எடுத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெதுவாக விடுங்கள். இந்த அளவு டானின் மீனை ஒன்றும் செய்யாது. பழுப்பு நிறம் எந்த வழியாகப் போகிறது, எங்கே திரும்புகிறது, எந்த மூலையை எட்டிப் பார்க்காமலே கலைந்துபோகிறது என்று கண்ணாலேயே தெரியும். ஃபில்டர் தண்ணீரை வெளிவிட லில்லி பைப் என்ற கண்ணாடிக் குழாய் மாட்டியிருந்தபோது நிறம் எதிர்க்கண்ணாடியில் மோதி, நடுவில் இருந்த பெரிய கல்லுக்கு மேலாகவே திரும்பிவிட்டது. கல்லுக்குப் பின்னால் இருந்த ஒரு சாண் இடத்துக்கு அது வரவே இல்லை. கருந்தாடிப் பாசி பிடித்திருந்ததும் அதே இடத்தில்தான்.

லில்லி பைப் பார்க்க அழகு. மூன்றடி நீளத்துக்கு அது போதாது என்பதே இரண்டு வருடத்துக்குப் பிறகான தீர்ப்பு. அதை எடுத்துவிட்டு 20 மி.மீ. பி.வி.சி. குழாயில் 80 செ.மீ. நீள ஸ்ப்ரே பார் செய்து மாட்டியது. ஒரு முனையில் மூடி, 5 செ.மீ.க்கு ஒன்றாக 16 துளை. துளைகளின் மொத்தப் பரப்பு ஹோஸின் உட்பரப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒருபக்கத் துளைகள் பாயும், மற்றவை சும்மா வடியும். 16 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸின் பரப்பு 201 சதுர மி.மீ. 4 மி.மீ. துளை பதினாறும் சேர்ந்தால் அதே 201. எனவே 4 மி.மீ.தான் எல்லை. 3 மி.மீ. பிட்டில் தொடங்கி ஓட்டிப் பாருங்கள், தேவையானால் பெரிதாக்கலாம். பெரிதாக்கியதைச் சிறிதாக்க வழியில்லை. சூடான கம்பியால் துளைத்தால் ஓரம் பிசிறடித்துத் தண்ணீர் கோணலாகப் பாயும், டிரில்தான் சரி.

பாரைப் பின்கண்ணாடியில், நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே, துளைகள் முன்கண்ணாடியைப் பார்த்து லேசாக மேல்நோக்கும்படி வைக்க வேண்டும். ஓட்டம் முன்கண்ணாடியில் மோதிக் கீழிறங்கி, மண்ணை ஒட்டியே பின்னால் வரும். முன்வரிசையில் தரையோடு படரும் மான்டி கார்லோச் செடிக்கு வாயு போவது இந்தத் திரும்பல் ஓட்டத்தில்தான். இந்த மாற்றம் ஒன்றிலேயே, வால்வைத் தொடாமல், ஆறேழு வாரத்தில் மண்ணோடு படரத் தொடங்கியது. கல்லுக்குப் பின்னால் இருந்த செத்த மூலைக்கு மட்டும் தண்ணீரைத் தள்ளும் 3 வாட் வேவ்மேக்கர் ஒன்று. அதுவும் பாரோடு ஒரே திசையில், பின்னாலிருந்து முன்னால். எதிர்த்திசையில் வைத்துப் பார்த்ததில் இரண்டு ஓட்டமும் நடுவில் முட்டி, தூசி முழுக்க அங்கேயே குவிந்தது.

இனி வாயுவைக் கரைக்கும் வேலை. தொட்டிக்குள் வைக்கும் கண்ணாடி டிஃப்யூசர் முதல் மாதம் பனிபோலக் குமிழி விடும். பீங்கான் தட்டில் பாசி ஏறியதும் குமிழி பெரிதாகி நேரே மேலே போய் உடையும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிளீச்சில் ஊறவைத்து, நன்றாக அலசி, குளோரின் நீக்கியில் முக்கியெடுக்கப் பொறுமை இருந்தால் அது போதும். இல்லாதவர்களுக்கு ஃபில்டர் தண்ணீரிலேயே வாயுவைக் கரைக்கும் ரியாக்டர். 75 மி.மீ. பி.வி.சி. குழாய் அரை மீட்டர், இரண்டு மூடி, மேலே தண்ணீர் உள்ளே, கீழே வெளியே, உள்வரும் வாய்க்குச் சற்றுக் கீழே சிஓ2. தண்ணீர் இறங்க, குமிழி ஏற, நடுவிலேயே கரைந்துவிடும். 50 மி.மீ. குழாய் மலிவு என்று எடுத்துவிடாதீர்கள். இந்த ஓட்டத்துக்கு அதற்குள் தண்ணீர் நொடிக்கு 11 செ.மீ. வேகத்தில் இறங்கும், சிறு குமிழிகளை வெளியே இழுத்துக்கொண்டு போகும். 75 மி.மீ.யில் வேகம் 5 செ.மீ.க்குள் அடங்கும். சால்வென்ட் ஒட்டியதை 24 மணி நேரம் காயவிட்டு, வாளித் தண்ணீரில் ஒருநாள் ஓட்டி, கசிவு பார்த்த பிறகே தொட்டியில் இணையுங்கள். ரியாக்டர் மாட்டியதும் வாளி நேரம் 54-இலிருந்து 61 நொடி ஆனது. அந்த இழப்பு பரவாயில்லை. வாயு செல்லும் குழாய் மட்டும் பி.யூ. (பாலியூரிதேன்) டியூபாக இருக்கட்டும். சிலிக்கான் டியூபின் சுவர் வழியாகவே சிஓ2 கசிந்து போகும்.

சிஓ2 சிலிண்டருக்குப் பதிலாக, சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலந்து வாயு எடுக்கும் பாட்டில் செட்டைப் பலர் கேட்கிறார்கள். 200 கிராம் சோடாவில் அதிகபட்சம் 105 கிராம் வாயு. 2 கிலோ சிலிண்டருக்கு ஈடாக 19 முறை கலக்க வேண்டும். ஓரடித் தொட்டிக்குச் சரி, இதற்கு ஆகாது. ஈஸ்ட்டும் சர்க்கரையும் நம்மூர் வெக்கைக்கு இன்னும் மோசம்: சுண்ணாம்பு தடவாத கலயத்துப் பதநீர் மாதிரி ஒரேயடியாகப் பொங்கி, பிறகு படுத்துவிடும். சிலிண்டர் வைத்தவர்கள் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து மீதியை மதிப்பிட வேண்டாம். உள்ளே திரவம் இருக்கும்வரை 30 டிகிரியில் 72 பார் அளவிலேயே நிற்கும், பிறகு திடீரென விழும். தராசில் வைத்து எடை பாருங்கள். சித்திரை வைகாசியில் அறை 31 டிகிரி தாண்டினால் திரவம் என்ற நிலையே உள்ளே இருக்காது, முள் இன்னும் மேலே ஏறும். வெயில்படும் ஜன்னலோரம் சிலிண்டருக்கு இடமல்ல.

வெப்பம்தான் நம் பக்கத்துப் பெரிய தொல்லை. 25 டிகிரியிலிருந்து 30-க்குப் போனால் சிஓ2 கரையும் அளவு எட்டில் ஒரு பங்கு குறையும். ஆக்சிஜன் லிட்டருக்கு 8.2 மில்லிகிராமிலிருந்து 7.5-க்கு இறங்கும். மீனுக்கு மூச்சு கூடுதலாகத் தேவைப்படும் நேரத்தில் இருப்பு குறைவு. புத்தகத்தில் பார்த்த 30 பி.பி.எம். (லிட்டருக்கு 30 மில்லிகிராம்) சிஓ2 அளவை எட்டும் முன்பே மீன் திணறும். மேற்பரப்பு அலையை நிறுத்தி வாயுவைச் சேமிக்க நினைப்பதைப் போலத் தவறு வேறில்லை. அலை இருக்கட்டும், வெளியேறும் வாயுவுக்கு ஈடாக நொடிக்கு அரைக் குமிழி கூட்டிக்கொள்ளலாம். கிளிப் ஃபேன் வறண்ட காற்றில் 2, 3 டிகிரி குறைக்கும். ஆனி, ஆடிச் சாரலில் காற்றே ஈரமாக இருக்கும்போது ஒரு டிகிரி குறைந்தாலே பெரிது.

அளவை எப்படி அறிவது? சிஓ2 அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கருக்குள் 4 கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை அளவு) கரைசல்தான் ஊற்ற வேண்டும், தொட்டித் தண்ணீர் கூடாது. அதை ஃபில்டர் வாயருகே தொங்கவிட்டால் அளவு சரி என்று எப்போதும் பச்சை காட்டி ஏமாற்றும். சாயாத் தண்ணீர் போகாத மூலையில் தொங்கவிடுங்கள். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிப்பதால், வால்வைச் சரிசெய்யும் நாளில் அமிலத்தன்மை அளக்கும் பி.எச். மீட்டரே நம்பகம். ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்து அளந்த பி.எச்.ஸைவிட, விளக்கு எரியும்போது தொட்டியில் ஒன்று குறைந்திருந்தால் சரியான இடம். முக்கடல், பேச்சிப்பாறை அணைகளிலிருந்து வருவது போன்ற மலைத் தண்ணீரில் கே.எச். பெரும்பாலும் குறைவு. 2 கே.எச்.சில் 30 பி.பி.எம். என்றால் பி.எச். 6.3. கடலோர போர்வெல் தண்ணீரில் 8 கே.எச். இருந்தால் அதே வாயுவுக்கு 6.9. கடலோரத்துக் குளச்சல்காரர், மலைத் தண்ணீர் பிடிக்கும் தக்கலைக்காரருடைய பி.எச். எண்ணைப் பார்த்து வால்வைத் திருகினால் மீன் மிஞ்சாது.

கரண்டில் வாயுவைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு ஆடம்பரம் அல்ல. விளக்குக்கு ஒன்றரை மணி நேரம் முன் திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன் மூடும்படி டைமர். கரண்டு போனால் அது தானே மூடிக்கொள்ளும். அது இல்லாத தொட்டியில் ஃபில்டர் நிற்கும், வாயு நிற்காது. ரியாக்டர் முழுக்க வாயு நிறைந்திருக்கும், கரண்டு வந்ததும் மொத்தமும் தொட்டிக்குள் தள்ளப்படும். சோலினாய்டையும் ஃபில்டரையும் ஒரே போர்டில் சொருகுங்கள். ஃபில்டரை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டால் கெடுதல் இல்லை, சோலினாய்டை மட்டும் போட்டால் ஆபத்து. தொட்டித் தண்ணீர் வாயுக் குழாயில் ஏறாமல் தடுக்கும் ஒருவழி வால்வின் ரப்பர் இறுகிப்போகும் என்பதால் வருடத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும்.

வாளிச் சோதனையை மாதம் ஒருமுறை செய்யுங்கள். இந்தத் தொட்டியில் 75 நொடியைத் தொட்டால் முதலில் உறிஞ்சு வாயின் பஞ்சு, அடுத்து ஹோஸின் உள்சுவர் வழுவழுப்பு, கடைசியில் ஃபில்டருக்குள் சுழலும் இம்பெல்லர் என்று பாருங்கள். பெரும்பாலும் பஞ்சைப் பிழிந்ததுமே 62-க்குத் திரும்பிவிடும். இத்தனைக்கும் பிறகு பின்பக்க இடது மூலை இன்னும் மந்தம்தான். அங்கே இப்போது மந்தமான ஓட்டத்தையும் தாங்கும் அனுபியாஸ் செடி நிற்கிறது.